வாகனம் ஓட்டாதவருக்கு அடையாள அட்டை: வாசகர் கேள்வி பதில்

அடையாள ஆவணங்கள் குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களை எழுதியவர்களில் பலர் இல்லத்தரசிகள், முதியோர், பார்வைக் குறைபாடு உள்ளோர். ஓட்டுநர் உரிமம் இல்லாததே தங்கள் குறை என்று அவர்கள் கருதுகிறார்கள். கடிதங்களைப் படித்தவரையில் எனக்குத் தோன்றுவது வேறு. ஏறக்குறைய எல்லோருக்கும் சிக்கல் பெயரிலும் பிறந்த தேதியிலும்தான் இருக்கிறது. அவ்விரண்டும் ஓர் ஆவணத்தில் உறுதியாகிவிட்டால் மற்ற அட்டைகள் தாமாகவே வந்து சேரும்.

குடியாத்தம் வாசகி: எனக்கு 47 வயது. வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறேன். எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கிறது. வாக்காளர் அட்டை பழையது, அதில் முகமே தெரியவில்லை. மகளின் கல்விக் கடனுக்காகப் போனால் வேறு அட்டை கொண்டுவரச் சொல்கிறார்கள். ஒரு லைசென்ஸ் எடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம், அம்மா. ஓட்டுநர் உரிமம் என்பது பொதுச்சாலையில் வாகனம் ஓட்டத் தகுதி பெற்றவருக்கு 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் தரப்படும் அனுமதி. அதில் படமும் முகவரியும் இருப்பதால் அடையாளம் காட்டவும் அது உதவுகிறது, அவ்வளவுதான். பழகுநர் உரிமம் பெற்று, 30 நாட்கள் கழித்து ஓட்டிக் காட்டி வாங்கினாலும், உங்கள் வயதில் எடுப்பவருக்கு அது 10 ஆண்டுகளுக்கே செல்லும். வாக்காளர் அட்டைக்கு அப்படிக் காலாவதி கிடையாது. வண்டியைத் தொடாமலேயே உரிமம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவரிடம் ஒரு ரூபாயும் கொடுத்துவிடாதீர்கள்.

வங்கியில் கணக்கு தொடங்குவதற்கு ரிசர்வ் வங்கி ஏற்கும் அடையாள ஆவணங்கள் ஆறு: கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, மாநில அரசு அலுவலர் கையொப்பமிட்ட நூறு நாள் வேலைத் திட்ட அட்டை, பெயரும் முகவரியும் கொண்ட தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம். இவற்றில் ஒன்று இருந்தால் போதும், உரிமம்தான் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. பீடித் தொழிலாளர் அட்டை உங்களிடம் இருக்கக்கூடும். நலத்திட்ட உதவிகளுக்காக அதைப் பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் இந்தப் பட்டியலில் அது இல்லாததால் வங்கியில் அதை மட்டும் காட்டினால் போதாது. கடனுக்குக் கூட்டு விண்ணப்பதாரராக நீங்கள் கையொப்பமிடுவதாக இருந்தால் பான் அட்டையும் கேட்பார்கள். வங்கி கேட்ட வேறு அட்டை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருப்பது உங்களை இங்கேதான் தடுக்கிறது. வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஆதாரைக் கொண்டு கட்டணமின்றி உடனடியாக மின்னணுப் பான் பெறலாம், ஆனால் அதற்கு ஆதாரில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும், கைப்பேசி எண்ணும் ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பதிவின்போது சான்று எதுவும் காட்டாமல் வயதை வாய்மொழியாகச் சொன்னவர்களுக்கே பெரும்பாலும் ஆண்டு மட்டும் பதிவாகியிருக்கிறது. ஆகவே முதலில் பிறப்புச் சான்றிதழைத் தேடுங்கள். மருத்துவமனையில் பிறந்திருந்தால் அவ்வூர் நகராட்சி அல்லது பேரூராட்சிப் பதிவேட்டில் இருக்க வாய்ப்புண்டு. வீட்டில் பிறந்து பதிவாகாமல் போயிருந்தால், ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்குக் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். குடியாத்தத்திலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருப்பதால் அதற்காக வேலூர் செல்ல வேண்டியதில்லை. எத்தனையாம் வகுப்போடு நின்றிருந்தாலும், படித்த பள்ளியில் பதிவுத்தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்பட்ட அந்தத் தேதி உங்கள் மனுவுக்கு நல்ல ஆதாரமாகும்.

பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆதாரைத் திருத்துங்கள். பெயர், தேதி, முகவரி போன்ற விவரங்களைத் திருத்த 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய், கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க 125 ரூபாய். பிறந்த தேதியை வாழ்நாளில் ஒருமுறைதான் திருத்த விடுவார்கள் என்பதால், கணினியில் தட்டச்சு செய்வதை அருகிலிருந்து எண் எண்ணாகப் பார்த்து, ஒப்புகைச் சீட்டையும் அங்கேயே படித்துவிட்டு வெளியே வாருங்கள். பல ஆண்டுகளாக இலையையும் தூளையும் தொட்டு விரல் ரேகை தேய்ந்திருந்தால், அதே வேளையில் கைரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. ரேகை ஒத்துவராத இடத்தில் கருவிழி வழியாகவும் முகத்தின் வழியாகவும் உறுதிசெய்ய வழி உண்டு என்பதை நீங்களே எடுத்துச் சொல்லலாம், அதைக் கேட்பது உங்கள் உரிமை.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8 போதும். முகவரி மாற்றம், பிழை திருத்தம், புது அட்டை ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே படிவம்தான். அட்டையின் எண் டிஎன் என்று தொடங்கிச் சாய்கோடுகளுடன் நீளமாக இருந்தால் அது பழைய முறை. இப்போதைய எண் மூன்று எழுத்தும் ஏழு இலக்கமுமாகப் பத்து இடங்கள் கொண்டது. இந்த அட்டை 1993 இல், டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது நடைமுறைக்கு வந்தது. வாக்குப்பதிவுக்காக ஏற்பட்ட ஓர் அட்டை, வண்டியோ சொத்தோ இல்லாத கோடிக்கணக்கான பெண்களின் கையில் அவர்கள் பெயரும் முகமும் கொண்ட முதல் அரசு ஆவணமாக வந்து சேர்ந்தது. அதை முகம் தெரியாத நிலையில் விட்டுவிடாதீர்கள்.

ஆற்காடு வாசகர்: எங்கள் ஊர் இப்போது இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் வேலூர் மாவட்டம் என்றும், பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்றும் உள்ளது. ஓர் அலுவலகத்தில் மூன்றும் வெவ்வேறு முகவரி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றையும் மாற்ற வேண்டுமா?

மூன்றும் ஒரே ஊரைத்தான் சொல்கின்றன. 1911 இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபின் வட ஆற்காட்டின் தலைநகராக வேலூர் ஆயிற்று. 1989 இல் திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமாகப் பிரிந்தது, எஞ்சிய பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும் பின்னர் வேலூர் மாவட்டம் என்றும் வழங்கப்பட்டது. 2019 நவம்பரில் அதிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நீங்கள் வீடு மாறாமலேயே மாவட்டப் பெயர் மாறியிருக்கிறது என்பதால், பழைய பெயர் அச்சான அட்டை செல்லாததாகிவிடாது.

பிறப்புச் சான்றிதழைத் தொடவே வேண்டாம். பிறந்த நாளில் மாவட்டத்துக்கு எந்தப் பெயர் இருந்ததோ அதைத்தான் அது சொல்ல வேண்டும். ஆதாரில் மட்டும் வசதிப்படும்போது முகவரியைப் புதுப்பித்து இராணிப்பேட்டை என்று மாற்றிக்கொள்ளுங்கள், அடிக்கடி காட்ட வேண்டிய அட்டை அதுவே. உங்கள் சட்டமன்றத் தொகுதியான ஆற்காட்டின் எண் மாவட்டம் பிரிந்தபோது மாறவில்லை, முன்பு போலவே 42 தான். ஆற்காட்டின் அஞ்சல் குறியீடும் 632503 தான். அடுத்த முறை ஐயம் எழுப்பப்பட்டால், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு மூன்றும் ஒத்திருப்பதைக் காட்டி, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்வு நாளில் மனு கொடுக்கலாம். மாவட்டத்தைப் பிரித்தது அரசு. அந்தச் சுமையை மக்கள் தலையில் ஏற்றுவது எனக்குச் சற்றும் நியாயமாகப் படவில்லை.

சத்துவாச்சாரி வாசகி: பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கிறது. திருமணத்துக்குப் பின் குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் கணவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிட்டார்கள். ஆதாரில் முதலெழுத்தே இல்லை. பான் அட்டையில் தந்தையின் முழுப்பெயர் என் பெயரோடு சேர்ந்திருக்கிறது. மகன் துபாயில் இருப்பதால் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். எந்தப் பெயரில் எடுப்பது?

உங்களுடையது மிக நல்ல கேள்வி. நம் வட்டாரத்துப் பெண்களை இந்த முதலெழுத்து அலைக்கழிப்பது போல வேறு எதுவும் அலைக்கழிப்பதில்லை. திருமணமானால் பெயரையோ முதலெழுத்தையோ மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விண்ணப்பத்தை நிரப்புகிறவர் பழக்கத்தில் எழுதுகிறார், நாமும் கையொப்பமிட்டுவிடுகிறோம். ஆகவே மாற்ற முடியாத ஆவணத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே நிலையான பெயராகக் கொள்ளுங்கள். உங்களுக்கு அது பள்ளிச் சான்றிதழ். பான் அட்டையும் அதனோடு ஒத்துப்போகிறது. பான் அட்டையில் திருமணமான பெண்ணுக்கும் தந்தையின் பெயரே அச்சிடப்படுவது வழக்கம். கடைசிப் பெயருக்கான கட்டத்தில் வெறும் முதலெழுத்தை எழுத இயலாது என்பதால் முதலெழுத்து அங்கே முழுப்பெயராக விரிந்திருக்கிறது.

கடவுச்சீட்டிலும் முதலெழுத்துகளை விரித்தே எழுத வேண்டும். உங்கள் பெயரை முதற்கட்டத்திலும் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்திலும் எழுதினால் பான் அட்டையோடு பொருந்திவிடும். குடும்பப் பெயரைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு கடவுச்சீட்டு எடுக்க நம் நாட்டில் தடையில்லை. ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், வருகை விசாவில் வருவோருக்கு ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டை ஏற்பதில்லை என்று அறிவித்ததால் பலர் விமான நிலையத்தில் தவித்தார்கள். மகனைப் பார்க்கப் போகும் உங்களுக்கு அந்த இடர் வேண்டாம். கணவரின் பெயர் கடவுச்சீட்டில் தனியிடத்தில் வருவதால், அதற்காக முதலெழுத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. திருமணச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதியும் 2016 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது.

வரிசை முக்கியம். பள்ளிச் சான்றிதழைக் காட்டி முதலில் ஆதாரில் பெயரைத் திருத்துங்கள். பெயரை மொத்தம் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் எழுத்துக்கூட்டலை ஆங்கிலத்திலும் தமிழிலும் முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதன்பின் படிவம் 8 மூலம் வாக்காளர் அட்டை. இவை ஒத்தபின் கடவுச்சீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து நாள் குறித்துக்கொண்டால், வேலூர் தலைமை அஞ்சலகத்தில் இயங்கும் சேவை மையத்திலேயே ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். பெரியவர்களுக்கான 36 பக்கக் கடவுச்சீட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய், அது 10 ஆண்டுகள் செல்லும். காவல் நிலையச் சரிபார்ப்பின்போது வீட்டில் இருங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இல்லாத மற்ற வாசகிகள், அடையாளத்துக்காக மட்டும் இந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை.

ஒடுகத்தூர் வாசகர்: என் பெரியப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கம் பிறந்தவர். நாற்பது வருடம் பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு இப்போது எங்களோடு இருக்கிறார். அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. ஆதார் எடுக்கப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாள அட்டை கேட்டால் ஆதார் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

வாக்காளர் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். படிவம் 6 க்குக் கட்டணம் இல்லை. வயதுக்கும் வசிப்பிடத்துக்கும் குறிப்பிட்ட ஆவணங்கள் எதுவும் இல்லாதவர் கைவசம் இருக்கும் வேறு சான்றைக் குறிப்பிட அந்தப் படிவத்திலேயே இடம் உண்டு. அப்படி எழுதினால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்பது விதி. வீடே இல்லாமல் தெருவோரம் உறங்குகிறவருக்குக்கூட, அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதிசெய்து பட்டியலில் சேர்க்க வழி வகுத்திருக்கிறார்கள். பெரியப்பா உங்கள் வீட்டில் வசிக்கிறார் என்பதால் உங்கள் குடும்பத்தினரின் வாக்காளர் அட்டை எண்ணைப் படிவத்தில் குறிப்பிடுங்கள். அலுவலரின் பெயரும் எண்ணும் 1950 என்ற எண்ணில் கேட்டால் கிடைக்கும். பெங்களூரில் எப்போதாவது அவர் பெயர் பட்டியலில் இருந்ததா என்று அவரிடமே பொறுமையாகக் கேளுங்கள். இருந்திருந்தால் புதுச் சேர்க்கைக்குப் பதிலாகப் படிவம் 8 இல் இடமாற்றம் கோர வேண்டும், இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி குற்றம்.

ஆதாருக்கும் கதவு அடைக்கப்படவில்லை. ஆவணமே இல்லாதவருக்கு வட்டாட்சியர் போன்ற அதிகாரம் பெற்றவர், ஆதார் ஆணையம் வகுத்த படிவத்தில் படம் ஒட்டிச் சான்று தரலாம். அதை 3 மாதங்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதால் பதிவு மையத்தில் நாள் கேட்டுக்கொண்டு பிறகு வாங்குங்கள். மலையிலிருந்து அவர் சென்று பல பத்தாண்டுகள் ஆனாலும், கிராம நிர்வாக அலுவலருக்கு அவர் குடும்பத்தைத் தெரிந்த பெரியவர்கள் நாலு பேர் சொன்னால் விசாரணை எளிதாகும். அணைக்கட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவரை நேரில் அழைத்துப் போவது கடினம் என்று நினைத்து அவருக்குப் பதிலாக நீங்கள் மட்டும் போய் நிற்காதீர்கள், அவர் முகத்தைப் பார்த்தால்தான் அலுவலருக்கு நம்பிக்கை வரும். 18 வயது கடந்த ஒருவர் முதன்முறை பதிவு செய்தால் மாநில அரசின் சரிபார்ப்பும் நடப்பதால், எண் வர மாதக்கணக்கில் ஆகலாம். ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருந்து 1947 என்ற எண்ணில் நிலையைக் கேட்டுக்கொண்டிருங்கள்.

அதுவரை அவருக்கு வங்கிக் கணக்கு இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன ஆறு ஆவணங்களில் எதுவும் இல்லாதவருக்காகவே சிறு கணக்கு என்ற ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. தாமே கையொப்பமிட்டோ கைநாட்டு வைத்தோ ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால், வங்கி அலுவலர் முன்னிலையில் அதைத் தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஓராண்டில் வரவு ஒரு லட்சத்தையும், ஒரு மாதத்தில் எடுப்பது 10,000 ரூபாயையும் மீறக்கூடாது. 12 மாதங்களுக்குள் அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதங்கள் நீட்டித்துத் தருவார்கள். கிளையில் இதைத் தெரியாது என்று சொன்னால், சிறு கணக்கு என்ற பெயரைச் சொல்லி மேலாளரிடமே கேளுங்கள். நாற்பது ஆண்டுகள் பிறர் வீட்டைக் கட்டிக் கொடுத்த மனிதருக்கு முதுமையில் தம் பெயரில் ஒரு காகிதமாவது இருக்க வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேரணாம்பட்டு வாசகி: பிறவியிலேயே எனக்குப் பார்வை மிகக் குறைவு. வாழ்நாளில் லைசென்ஸ் எடுக்க முடியாது. ஆதார் மையத்தில் கருவிழி பதியவில்லை என்று இரண்டு கண்ணுக்கும் திரும்பத் திரும்ப முயன்று அனுப்பிவிட்டார்கள். எனக்கென்று என்ன அட்டை இருக்கிறது?

அப்படி அனுப்பியது தவறு. ரேகையோ கருவிழியோ பதிய முடியாதவரை விதிவிலக்கு முறையில் பதிவு செய்ய வேண்டும். குறைபாட்டைக் காட்டும் படத்துடன் விவரத்தைக் குறித்து, கிடைக்கும் அடையாளங்களை மட்டும் பதிந்துகொள்ளும் வழி மையத்தின் மென்பொருளிலேயே உள்ளது. மாற்றுத்திறனாளிகளையும் முதியோரையும் பதிவு செய்யச் சிறப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தின் 5 ஆம் பிரிவே சொல்கிறது. அதைச் சொல்லி விதிவிலக்குப் பதிவு கேளுங்கள்.

உங்களுக்கு மிகப் பொருத்தமானது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. சுவாவலம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பித்தபின், அரசு மருத்துவர் குழு பரிசோதித்துக் குறைபாட்டின் அளவைச் சான்றளிக்கும். உங்கள் மாவட்டத்துக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும் முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் இராது. 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80 க்குள் மஞ்சள், 80 க்கும் அதற்கு மேலும் நீலம் என்று அட்டைக்கு நிறம் உண்டு, 18 இடங்கள் கொண்ட எண்ணும் படமும் இருக்கும். வாக்குச்சாவடியில் வாக்காளர் அட்டைக்கு மாற்றாகத் தேர்தல் ஆணையம் ஏற்கும் ஆவணங்களில் இதுவும் ஒன்று. படிவம் 8 இல் உங்கள் குறைபாட்டைப் பதிவு செய்துவிட்டால் வாக்குப்பதிவு நாளில் உதவிகளும் எளிதாகும்.

காட்பாடி மாணவர்: 17 வயது முடிந்துவிட்டது. விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஆதாரைத் தவிர இன்னோர் அட்டை எடுக்க 18 வரை காத்திருக்க வேண்டுமா?

காத்திருக்க வேண்டாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதிகளைத் தகுதி நாளாகக் கொண்டு, 17 வயது நிறைந்தவரே படிவம் 6 ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம், 18 நிறைந்ததும் பெயர் பட்டியலில் ஏறிவிடும். பெற்றோர் வீட்டு முகவரியையே கொடுங்கள், விடுதி மாறும்போதெல்லாம் திருத்த நேராது. இதற்கிடையில் ரயிலில் காட்ட, அங்கீகாரம் பெற்ற கல்லூரி தந்த படத்துடன் கூடிய மாணவர் அட்டையே போதும்.

வேலூர் காந்தி ரோட்டில் தங்கும் விடுதி ஒன்றில் பணிபுரியும் வாசகர்: சிகிச்சைக்காக வருபவர்களோடு துணைக்கு வரும் பெண்கள் சிலர் ரேஷன் கார்டைக் காட்டுகிறார்கள், சிலர் கைப்பேசியில் ஆதாரைப் படம் எடுத்து வைத்துக் காட்டுகிறார்கள். அறை கொடுக்கலாமா? நகலை வாங்கி வைக்க வேண்டுமா?

நம் மாநிலக் குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் படம் மட்டுமே இருப்பதால் துணைக்கு வந்தவரின் முகத்தை அது உறுதிப்படுத்தாது. வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பலர் அதை எடுத்துக் காட்டத் தயங்குகிறார்கள். கைப்பேசியில் எடுத்த படத்தைவிட, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் துறையே வழங்கிய ஆவணப் பகுதியில் இருப்பதோ ஆதார் செயலியில் திறந்து காட்டுவதோ நம்பத்தக்கது. ரயிலிலும் அவ்வாறு காட்டுவதை ஏற்கிறார்கள். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையமே தருகிறது. நகல் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள், அசல் அட்டையை ஒருபோதும் பிடித்து வைக்காதீர்கள். நோயாளியோடு இரவில் வந்து நிற்கும் பெண்ணை அட்டை இல்லை என்று தெருவுக்கு அனுப்பாமல், நோயாளியின் மருத்துவமனைச் சீட்டையும் ஊரில் உள்ளவர் அனுப்பும் அட்டையையும் பார்த்து உதவ உங்கள் முதலாளியிடம் பேசுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வாணியம்பாடி வாசகி: பேருந்தில் பையோடு எல்லா அட்டைகளும் தொலைந்துவிட்டன. முதலில் எதற்கு ஓட வேண்டும்?

முதலில் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையைப் பதிவு செய்து அச்செடுங்கள், அட்டை எண்கள் நினைவில்லாவிட்டால் பழைய நகல்களிலும் வங்கிக் கோப்பிலும் கிடைக்கும். அதே நாளில், பிறர் உங்கள் ஆதாரைக் கைரேகை வழியாகப் பயன்படுத்த முடியாதபடி தடுக்கும் கைரேகைப் பூட்டைப் போட்டுவிடுங்கள். ஆதார் எண் மாறாது, கைப்பேசி எண் இணைந்திருந்தால் மின்னணு ஆதாரை இறக்கிக்கொண்டு உடனே பயன்படுத்தலாம். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8 இல் தொலைந்தது என்பதைக் குறித்து அந்த அறிக்கையை இணையுங்கள், புது அட்டை அஞ்சலில் வரும்வரை 2021 ஜனவரியில் அறிமுகமான மின்னணு வாக்காளர் அட்டையை இறக்கி வைத்துக்கொள்ளலாம். பான் அட்டையின் மறுபதிப்புக்கு அவசரமில்லை, எண் தெரிந்தால் போதும். வங்கி அட்டையும் அந்தப் பையில் இருந்திருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக வங்கிக்குத் தொலைபேசியில் சொல்லி அதை முடக்கிவிடுங்கள்.